சாவோலை

சாவோலை என்பதை ஒரே சொல்லாகத்தான் எழுத வேண்டும். 'சாவு ஓலை' என்று பிரித்து எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பிரித்துவிட்டால் அது வாழை இலை, பனை ஓலை என்பதுபோலக் கடையில் கேட்டு வாங்குகிற சாமானாகிவிடுகிறது. சேர்த்து எழுதும்போதுதான் அதன் கனம் கைக்குத் தெரியும். பம்பாய் மாதுங்காவில் ஒரு வாசகசாலையில் பெரிய அகராதி இருந்தது. அதில் நான் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தது எல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான். 'சா' என்றாலே இறத்தல்தான், நடுவில் நிற்கும் வகரம் ஒட்டுவதற்காக வந்தது என்று ஒரு கட்சி. 'சாவு' என்பதன் கடைசி உகரம் விழுந்து 'ஓலை'யோடு சேர்ந்தது என்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் பொருள் ஒன்றுதான். ஒருவர் இறந்ததை இன்னொரு ஊருக்குச் சொல்ல எழுதி அனுப்பும் ஓலை.

அறுபதுகளில் தாராவியில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். முன்பாதியை விழுங்கிவிட்டு 'ஓலை' என்பார்கள். மற்ற தபாலுக்கெல்லாம் வேறு பெயர்கள் இருந்தன. என் மாமியார் 'காயிதம்' என்பாள். அது அரபு, பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். நான் 'கடுதாசி' என்பேன். அது போர்த்துக்கீசியர்கள் கரையில் இறக்கிவிட்டுப் போன சொல்லாம். ஆக, பிள்ளை பிறந்தது, பெண் பெரியவளானது, மாடு வாங்கியது, மழை பெய்தது எல்லாம் வெளிநாட்டுச் சொல்லில் வந்தன. சாவு ஒன்றுதான் பழைய பனை ஓலையிலேயே வந்துகொண்டிருந்தது. ஓலையைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆன பம்பாயில், கையகல அஞ்சலட்டையை 'ஓலை' என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம். பயப்படுகிற விஷயத்துக்கு ஜனங்கள் புதுப் பெயர் வைக்கத் துணிவதில்லை என்று நினைக்கிறேன். அகராதி இதையெல்லாம் சொல்லவில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் நல்ல சேதி எழுதினால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவார்கள். சாவு சேதி என்றால் ஒரு மூலையைக் கிள்ளிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. அட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் மூலையைத் தடவிப் பார்க்க வேண்டும். மூலை இல்லையென்றால் அதோடு வாசற்படி தாண்டக் கூடாது. வெளியில் நின்றே யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு எதையும் தொடாமல் போய்த் தலை முழுக வேண்டும். அந்த அட்டை வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. அதனால்தான் எங்கள் வீடுகளில் கல்யாணப் பத்திரிகைகள் பெட்டி பெட்டியாக இருக்கும். யார் எப்போது செத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

நான் கல்யாணமாகி வந்து சேர்ந்தது, பம்பாயில் 'சால்' என்று சொல்கிற வரிசை வீடு ஒன்றில். ஒரே வரிசையில் பதினோரு அறைகள், முன்னால் நீளமான தாழ்வாரம். மாமனார் இல்லை. மாமியாரும் அவள் மகனும், அதாவது என் கணவரும்தான். அவருக்கு மாதுங்கா மார்க்கெட்டில் வாழை இலையும் காய்கறியும் விற்கிற சின்னக் கடை. விடியும் முன்பே தாதர் போய்ச் சரக்கு எடுத்துவிடுவார். நான் பத்தாவது வரை படித்தவள். அந்த வரிசையில் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அங்கேயே பிறந்த பிள்ளைகள் இந்தியில் சண்டை போடுவார்கள், தமிழைப் பார்த்தால் விழிப்பார்கள். ஆகவே வந்த மூன்றாம் மாதமே எல்லார் வீட்டுத் தபாலும் என் கைக்கு வந்துவிட்டது. எனக்கும் அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

முதல் ஓலையை நான் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். யாருக்கோ வந்தது, வாங்கி வைத்தேன், மூலையைப் பார்க்கவில்லை. மாமியார் பார்த்தாள். சத்தம் போடவில்லை. இடுக்கியால் அதை எடுத்து வெளியே வைத்தாள்.

"ஏளா, படிச்சவ படிச்சவன்னு சொல்லுதாவளே. மூலை இருக்கா இல்லையான்னு பாக்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கணும்?"

அன்றிலிருந்து என் கை தானாக முதலில் மூலைக்குப் போகும்.

அந்த வேலையில் நான் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். பக்கத்து அறைக்கார அக்காவுக்கு. அவள் புருஷனுக்குத் தோல் பட்டறையில் வேலை. அவள் நிறைமாதமாக இருந்தபோது அவளுடைய அண்ணன் செத்துப்போன ஓலை வந்தது. மாமியார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிள்ளைத்தாச்சியிடம் சாவு சொல்லக் கூடாது. சொன்னால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பிறந்த பிறகும் உடனே சொல்லக் கூடாது, பால் வற்றிவிடும். நாற்பது நாள் கழிய வேண்டும். நான் அவள் வாசலில் நின்று அட்டையைப் பார்த்தபடியே, "ஒங்க அண்ணன் கடைய மாத்திட்டாவளாம், எல்லாரும் நல்லா இருக்காவளாம்" என்று படித்தேன். குரல் கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை. அட்டை எங்கே என்று அவள் கேட்டதற்கு, கை தவறிச் சாக்கடையில் விழுந்துவிட்டது என்று சத்தியம்கூடச் செய்தேன். பின்னால் விஷயம் தெரிந்தபோது அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு மாசம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். ஊர் வழக்கம் அப்படி, நானாக என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நான் உண்டானேன். ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கி என்னை ஊருக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அப்பா அப்போது நெஞ்சுச் சளி கட்டிப் படுக்கையில் இருந்தார். எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்று சேதி வந்தது. நோயாளி இருக்கிற வீட்டில் பிரசவம் எப்படிப் பார்ப்பது, இங்கேயே இருக்கட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான், ஆனாலும் எனக்கு அவள் மேல் கோபம். அப்பாவைக் கடைசியாகப் பார்க்க முடியாமலே போய்விடுமோ என்ற பயம்தான் கோபமாக வந்தது. ஊரார் தபாலைப் படிக்கவும் தடை போட்டுவிட்டாள். யாருக்கு வந்த ஓலை என்றாலும் பிள்ளைத்தாச்சி கையில் படக் கூடாதாம்.

என் வீட்டுக் கடிதங்களை எழுதுகிறவள் என் தங்கச்சி. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அப்பா சொல்லச் சொல்ல இவள் எழுதுவாள். எழுதி முடித்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் ஓரத்து வெள்ளையில் பொடி எழுத்தில் தன் சரக்கைச் சேர்ப்பாள். 'அப்பா இன்னைக்கு ரெண்டு இட்லி தின்னாவ, மூணாவதுக்கு மொகத்தத் திருப்பிக்கிட்டாவ.' 'வைத்தியர் பொய் சொல்லுதாரு, நான் நம்பல.' 'ஒம் புருஷன் இன்னும் அதே மீசைதானா?' பதினேழு வயசு. நான் பம்பாய்க்கு ரயில் ஏறிய அன்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவுக்கு ஒண்ணுன்னா அடுத்த தபால்லயே எழுதிருவேன். யாரு தடுத்தாலும் ஒங்கிட்ட மட்டும் மறைக்க மாட்டேன்." அந்தப் பேச்சை நம்பித்தான் நான் அங்கே நிம்மதியாகச் சோறு தின்றேன்.

சித்திரைக் கடைசி. பம்பாய் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சாலில் குழாயில் விடியற்காலை இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும். பிடித்து டிரம்மில் நிரப்பிக்கொண்டால் அதுதான் மறுநாள் வரைக்கும். அரிசி களைந்த தண்ணீரைக்கூட மாமியார் கீழே ஊற்ற விட மாட்டாள். வெயிலுக்கு முகம் கழுவினால், "பானி என்ன ஒங்கப்பன் வீட்டுலேந்து வருதா" என்பாள்.

ஒரு நாள் மதியம் நான் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தபால்காரன் குரல் கேட்டது. மாமியார் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தெரு முனைப்பக்கம் போயிற்று. அங்கே தையல் கடையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். அரை மணி நேரம் கழித்து வந்தாள். வந்தவள் புடவைத் தலைப்பை உடம்போடு இழுத்துச் சுற்றிக்கொண்டு, கதவு, சுவர், என் பாய் எதன் மேலும் படாமல் மூலையிலிருந்த மோரிக்குப் போனாள். மோரி என்றால் அறைக்குள்ளேயே குளிக்கவும் பாத்திரம் கழுவவும் கட்டின சின்னத் தொட்டித் தரை. கட்டின புடவையோடு உட்கார்ந்து டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள்.

நான் செம்புகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்பது. மனசு அதற்குள் எங்கோ விழுந்துவிட்டது. மாமியார் வழியில் சொந்தம் யாராவது இருக்கும் என்று பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அவளுக்குத்தான் வயசான சித்தி, பெரியம்மா என்று ஏகப்பட்ட பேர். அவர்களில் ஒருத்தி சாகட்டும் என்றே நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அவள் வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

"எந்திரி. புழுக்கமா இருக்கு. ஒனக்கும் ரெண்டு செம்பு ஊத்துதேன்."

"வேண்டாம் அத்தை. காலையில குளிச்சாச்சே."

"சொன்னாக் கேளு. வயித்துப் புள்ளைக்கு வெக்கை ஆகாது."

என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மோரியில் மணை போட்டு உட்கார வைத்தாள். "கண்ண மூடிக்க" என்றாள். முதல் செம்பு உச்சியில் விழுந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொட்டுத் தண்ணீருக்குச் சண்டை போடுகிறவள் நடு மதியத்தில் என் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். மாமியாரின் சித்தி செத்ததற்கு நான் முழுக வேண்டாம். என் ரத்தத்தில் யாரோ போயிருக்கிறார்கள். என்னிடம் சொல்லாமலே எனக்குத் தலைமுழுக்கு நடக்கிறது. செம்பின் விளிம்பு இரண்டு முறை என் நெற்றியில் இடித்தது.

நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நான் அழ வேண்டும். அழுதால் வயிற்றில் இருக்கிறதுக்கு என்ன ஆகும்? படித்தவள், பத்தாவது வரை போனவள், நானும் அதை நம்பினேன். கண்ணை மூடிக்கொண்டு, அப்பா, அப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு என் கணவர் கடையைப் போட்டுவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் அவரும் நேரே மோரிக்குப் போனார். சாயங்காலம் உலை வைக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்து அக்கா ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்போதும் உட்கார்ந்து பேசுகிறவள், உடனே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பின் மூன்று மாசம் எல்லாரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். எனக்கு அது தாங்க முடியவில்லை. மாமியார் திட்டுவதையே விட்டுவிட்டாள். கணவர் தினம் ஏதாவது பழம் கொண்டுவந்தார். நான் தாழ்வாரத்தில் நடந்தால் பேச்சு நிற்கும். யார் வீட்டிலாவது புளிக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எனக்கு வந்துவிடும். அவர்கள் நடித்தார்கள், நானும் நடித்தேன். சிரித்துச் சாப்பிட்டேன். இருபத்திரண்டு வயசில் அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வெங்காயம் நறுக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூலைகள் நாலும் சரியாக இருந்தன. ஆனால் எழுத்து தங்கச்சியுடையது இல்லை. மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் எழுதுவார்களே, அப்படிச் சாய்ந்த எழுத்து. 'இவ்விடம் க்ஷேமம். அப்பா சௌக்கியம். அம்மா சௌக்கியம். பசு கன்று போட்டிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.' ஓரத்து வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எத்தனை இட்லி என்று இல்லை. இட்லி எண்ணாமல் 'அப்பா சௌக்கியம்' என்று ஒருத்தர் எழுதினால் அப்பா இல்லை என்றுதான் அர்த்தம் என்று எனக்குப் பட்டது. தங்கச்சிக்குப் பொய் எழுதக் கை வரவில்லை, அதனால் வேறு ஆளை வைத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மூன்று வாரம் கழித்து இன்னொன்று வந்தது. அதே எழுத்து, அதே சௌக்கியம்.

ஒரு நாள் விடியற்காலை குழாயடியில் பக்கத்து அக்காவைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. எங்கப்பாவா?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "இல்ல. ஒங்கப்பா இருக்காவ."

"சத்தியமா?"

"எம் புள்ள தலையில அடிச்சுச் சத்தியம். ஒங்கப்பா உசுரோடதான் இருக்காவ. இதுக்கு மேல என்னக் கேக்காத."

நான் அவளை நம்பவில்லை. நானே அவளிடம் அட்டை சாக்கடையில் விழுந்தது என்று சத்தியம் செய்தவள்தானே. பிள்ளைத்தாச்சியிடம் செய்கிற சத்தியம் கணக்கில் சேராது என்பது எங்களுக்குள் எல்லாருக்கும் தெரியும். நான் சொன்ன பொய்யை இவள் திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

தங்கச்சிக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதலாவதில் நயமாகக் கேட்டேன். இரண்டாவதில் கெஞ்சினேன். மாமியாரோ கணவரோ பிரித்துப் பார்க்காதபடி நன்றாக ஒட்டி, கணவர் கையில்தான் கொடுத்தேன். அவர் அதை வாங்கும்போது என்னை ஒரு மாதிரி பார்ப்பார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். போடாமல் இருந்துவிடுவாரோ என்ற சந்தேகத்தில், "மாதுங்கா தபாலாபீஸ்லயே போட்டுருங்க, மறந்துராதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

பதில் இல்லை. ஒன்பதாம் மாதம், மழை பிடித்துக்கொண்டது. சந்தெல்லாம் கணுக்கால் தண்ணீர், தோல் பட்டறைகளின் நாற்றம் அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. எனக்கு முதுகு வலி, தூக்கம் இல்லை, நெஞ்சில் பூட்டி வைத்த துக்கம் அவ்வளவும் அவள் மேல் திரும்பியது. மூன்றாவது கடிதத்தைப் பென்சிலால் அழுத்தி எழுதினேன். 'நீ வாக்கு மாறிவிட்டாய். அப்பா போனது எனக்குத் தெரியும். உலகமே மறைக்கட்டும், நீ மறைக்கலாமா? இனி என் முகத்தில் முழிக்காதே. நீ இருப்பதும் ஒன்றுதான், செத்துப்போவதும் ஒன்றுதான்.' எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் ஆறிற்று. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். நல்லபடியாகவே பிறந்தாள். பால் இருந்தது. அவள் குடிக்கும்போதெல்லாம் நான் நாள் எண்ணினேன். நாற்பது நாள். அதற்குப் பின் சொல்வார்கள், அதற்குப் பின் அழலாம். என்னிடம் சொல்லப் போகிற வார்த்தைக்கு நான் முன்கூட்டியே தயாராகிவிட்டேன். எப்படி விழ வேண்டும், யார் தோளில் சாய வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

நாற்பத்தோராம் நாள் காலை, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார்: "இன்னைக்கு ஒங்க வீட்டுலேந்து ஆள் வாராவ. நான் தாதர் போயிக் கூட்டியாரேன்." அம்மா வெள்ளைப் புடவையில் வருவாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியைப் பார்க்க எனக்குத் தைரியம் வேண்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணி சுமாருக்குத் தாழ்வாரத்தில் வந்தவர் அப்பா.

பாதியாக இளைத்துப் போயிருந்தார். கையில் ஒரு கம்பு. ஆனால் அப்பாதான், தம் காலில்தான் நடந்து வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பைத்தியம் மாதிரி சிரித்தேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று மாசமாக நெஞ்சில் கிடந்த கல் ஒரு நொடியில் கரைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை என் ஆயுசில் வேறு எப்போதும் நான் அனுபவித்ததில்லை. பக்கத்து அக்கா தன் வாசலில் நிற்பதைப் பார்த்து, "அக்கா, எங்கப்பா" என்று கத்தினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அப்பாவுக்குக் காட்டினேன்.

"ஏம்ப்பா, ஒடம்பு முடியாம இவ்வளவு தூரம் வரலாமா?"

"நான் உசுரோட இருக்கேன்னு எத்தன எழுதினாலும் நீ நம்பப் போறதில்லன்னு தெரிஞ்சிட்டு தாயி. அதான் நேர்லயே வந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மூன்றாவது கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறாள், கழுதை. "அவ வரலையா? எங் கடுதாசியப் பாத்துக் கோவமா இருக்காளா? மொகத்துல முழிக்காதன்னா வராமலே இருந்துருவாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அப்பா மாமியாரைப் பார்த்தார். மாமியார் என் அருகே வந்தாள். "புள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" என்று கேட்டாள். கொடுத்தாயிற்று என்றேன். "அப்ப புள்ளய எங்கிட்ட குடு" என்று மடியிலிருந்து வாங்கிக்கொண்டு தள்ளிப் போனாள். அவள் அப்படிச் செய்தபோதுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

அப்பா கம்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"நாலு நாள் காச்சல், தாயி. சித்திரைக் கடேசியில. படுக்கையில கெடந்த என்னய எந்திரிக்க வச்சிட்டு அவ போயிட்டா."

நான் விழவில்லை, யார் தோளிலும் சாயவில்லை. யோசித்து வைத்திருந்த எதுவும் நடக்கவில்லை. என் தலையில் ஊற்றின தண்ணீர் அவளுக்காக. எழுத்து மாறியது அவள் இல்லாததால். இட்லி எண்ண ஆள் இல்லாததால்தான் ஓரம் வெள்ளையாக வந்தது. என் கண் முன்னாலேயே எல்லாம் இருந்தது. ஊருக்கெல்லாம் தபால் படித்தவள் என் வீட்டுக் கடிதத்தைப் படிக்கவில்லை. செத்துப் பல நாள் ஆனவளைத்தான் நான் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன்.

அப்பா சத்தம் இல்லாமல் அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்தார். அடுத்தவர் காதில் விழாமல் கேட்க நினைத்தார் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்தினார்.

"அவ பேருக்கு நீ போட்ட கடுதாசி மூணும் வந்துச்சு. ஊருக்குப் புதுசா வந்த தபால்காரர்தான் படிச்சாரு. ஒங்கம்மா ஒவ்வொண்ணையும் நாலு தடவ படிக்கச் சொன்னா. ஊரே அவளச் செத்தவன்னு சொல்லுது, நீ ஒருத்திதான் இருக்கான்னு நெனச்சு எழுதியிருந்த. அதக் கேக்க அவளுக்கு ஒரு ஆறுதல். ஆனா கடேசி கடுதாசியில முடிவுல ஒரு வரி மழத்தண்ணி பட்டு அழிஞ்சு போச்சுன்னு விட்டுட்டாரு. ஒங்கம்மா அதையே சொல்லிக்கிட்டு இருக்கா. தங்கச்சிக்கு நீ கடேசியா என்ன எழுதுனன்னு கேட்டுட்டு வரச் சொன்னா. என்ன தாயி எழுதியிருந்த?"

பென்சில் எழுத்து தண்ணீர் பட்டு அழியாது. முகம் தெரியாத அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, அந்த வரிக்கு வந்ததும் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"அவளப் பாக்கணும் போல இருக்குன்னு எழுதியிருந்தேன்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். "அம்மாட்ட சொல்லுதேன்" என்றார்.